தூளிலிருந்து செய்யும் டைட்டானியம் ஃபிரேம் தாங்குமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 67 வயது. கீழ்த்தாடையில் ஆறு இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்கள், வைத்து நான்கு மாதம் ஆகிறது. அதன்மேல் கழற்றாத பல்வரிசை மாட்டுவதற்கு, லேசர் சின்டரிங் முறையில் செய்த டைட்டானியம் ஃபிரேம், அதாவது பல்வரிசையைத் தாங்கும் உலோகச் சட்டம், போடலாம் என்கிறார் டாக்டர். கோபால்ட் குரோம் என்ற உலோகக் கலவையைவிட அதற்குச் செலவு கூடுதல். உறவினர் ஒருவரோ, "தூளை ஒட்டிச் செய்வதாம், நாலு வருஷத்தில் உதிர்ந்துவிடும், உருக்கி ஊற்றியதாகக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டார். எதற்குச் சம்மதிப்பது என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தூளிலிருந்து வந்த உலோகம் உறுதியாக இருக்குமா என்பது ஒன்று. அந்த ஃபிரேம் ஆறு இம்ப்ளான்ட்மேலும் இழுபறி இல்லாமல் உட்காருமா என்பது இன்னொன்று. நீங்கள் முதலாவதைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அப்பாவின் அடுத்த பத்து வருடங்கள் இரண்டாவதைப் பொறுத்தே இருக்கும்.

நான் 26 வருடங்களாக டெண்டல் லேபில் உலோக வேலை செய்பவன். மெழுகில் வடித்து, அச்சில் ஊற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கிய காலத்திலிருந்து, கணினியில் வரைந்து அனுப்பும் இன்றைய காலம்வரை இதே மேசையில் இருந்திருக்கிறேன். ஆனால் நான் டாக்டர் இல்லை. அப்பாவின் எலும்பு, கடி, எக்ஸ்ரே மூன்றையும் பார்த்தவர் உங்கள் டாக்டர்தான். ஃபிரேம் பற்றி மட்டும் என்னால் உறுதியாகப் பேச முடியும்.

உறவினரின் பயத்துக்குக் காரணம் அந்தப் பெயர். சின்டரிங் என்றால் உருகாத அளவுக்குச் சூடாக்கி, துகள்களை ஓரங்களில் ஒட்ட வைப்பது. மண்பானை சூளையில் இறுகுவது அப்படித்தான். 1980களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்ட் என்ற மாணவர் லேசரால் தூளை அடுக்கடுக்காகக் கட்டும் முறையை உருவாக்கியபோது அந்தப் பெயர் வந்தது. தொடக்க கால உலோக இயந்திரங்களிலும் துகள்கள் முழுதாக உருகவில்லை, அதனால் பெயர் பொருந்தியது. 1990களின் நடுவில் ஜெர்மனியின் ஆஹன் நகரில் உள்ள ஃபிரௌன்ஹோஃபர் லேசர் ஆய்வு நிறுவனத்தில் தூளை முழுவதுமாக உருக்கும் முறை வந்தது. இன்று பல்லுக்காக டைட்டானியம் செய்யும் இயந்திரங்கள் எல்லாம் உருக்குபவைதான். பழைய பெயர் மட்டும் விலைப்பட்டியலில் தங்கிவிட்டது. உங்கள் உறவினர் மனதில் இருப்பது எள்ளுருண்டை. நடப்பதோ வெல்டிங்.

இயந்திரத்தின் மேசையில் ஒரு டைட்டானியத் தட்டு இருக்கும். அதன்மேல் மிக நுண்ணிய உருண்டைத் தூளை 30 மைக்ரான் கனத்துக்கு ஒரு கத்தி பரப்பும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). ஒரு தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராத பரப்பு அது. ஆர்கான் வாயு நிறைந்த அறைக்குள், ஃபிரேமின் அந்த மட்டத்து வடிவத்தை லேசர் கோடு கோடாக வரைந்து உருக்கும். தட்டு 30 மைக்ரான் இறங்கும், மறுபடி தூள், மறுபடி லேசர். தட்டின்மேல் 15 மில்லிமீட்டர் உயரத்துக்கு எழுப்பினால் 500 அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதையும் கொஞ்சம் மறுபடி உருக்கிக்கொண்டே போவதால் நடுவில் பிளவு நிற்பதில்லை. ஒழுங்காக நடந்தால் 99.5 சதவீதத்துக்கு மேல் கெட்டியான உலோகம் கிடைக்கும். பல்லுக்கு வழக்கமாகப் பயன்படுவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம். முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால் 900 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவிசை தாங்கும். தரம் 4 என்கிற சுத்த டைட்டானியத்திடம் தரநிலை எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அளவு 550 மெகாபாஸ்கல்தான். ஆகவே உதிர்ந்துவிடும் என்ற பயத்தை விட்டுவிடலாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உருக்கி ஊற்றியது நல்லது என்பது தங்கத்துக்கும் கோபால்ட் குரோமுக்கும் பொருந்தும். டைட்டானியத்துக்குப் பொருந்தாது. சுத்த டைட்டானியம் 1,668 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனையும், அச்சுப் பொருளில் உள்ளதையும் உறிஞ்சிக்கொண்டு, மேலே கடினமான, நொறுங்கும் தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். எடையும் குறைவு என்பதால் அச்சின் மூலைகளுக்குள் பாய மறுக்கும். ஆர்கான் நிரப்பிய வார்ப்பு இயந்திரத்தில் நான் சில காலம் வேலை செய்திருக்கிறேன். வெளியே கண்ணாடி மாதிரி மின்னும் துண்டை எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே குமிழி இருக்கும். அந்த நாட்களில் நாங்கள் தூக்கிப் போட்டவை ஏராளம். டைட்டானியத்தை வார்க்காமல் செய்ய ஒரு வழி கிடைத்ததே, அதுதான் எங்கள் தொழிலுக்குப் பெரிய நிம்மதி. இந்த இடத்தில் ஒரு செய்தி. இந்த உலோகத்தின் மூலமான இல்மனைட் கறுப்பு மணல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் எடுக்கப்படுகிறது. அந்த மணலிலிருந்து வாய்க்குள் போகும் ஃபிரேம் வரை எத்தனை கை மாறுகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, லேசர் முறையில் உறுதி கெடுகிற இடமே இல்லையா? இருக்கிறது. உருக்காமல் மிஞ்சும் தூளைச் சலித்து மறுபடி பயன்படுத்துவார்கள். அது தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தூளில் ஆக்சிஜன் கொஞ்சம் ஏறும். ஆக்சிஜன் ஏறினால் டைட்டானியம் கடினமாகும், கூடவே வளைந்து கொடுக்கும் தன்மை குறையும். உடலுக்குள் வைப்பதற்கான உயர்தரத்தில், அதாவது தரம் 23-இல், ஆக்சிஜன் 0.13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதே கலவையின் சாதாரண வகையான தரம் 5-இல் 0.20 சதவீதம்வரை அனுமதி. நல்ல நிலையங்கள் எந்தத் தொகுதித் தூள், எத்தனையாவது சுற்று என்று ஏட்டில் குறித்து வைத்திருக்கும். நீங்கள் அந்த ஏட்டைப் பார்க்க முடியாது. ஆனால் உலோகத்தின் தரமும் தொகுதி எண்ணும் எழுதிய சான்றைக் கேட்டு வாங்கலாம். கொடுக்கத் தயங்கும் இடத்தில் செய்யாதீர்கள்.

அடுத்தது வளைவு. என் கண்ணால் பார்த்ததால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வொரு அடுக்கும் உருகி உறையும்போது சுருங்கி, கீழே உள்ளதைத் தன் பக்கம் இழுக்கும். டைட்டானியம் சூட்டை எளிதில் கடத்தாது என்பதால் இந்த இழுப்பு அதிகம். தட்டோடு ஒட்டியிருக்கும்வரை ஃபிரேம் நேராக நிற்கும், ஆனால் உள்ளே வில் போல முறுக்கேறி இருக்கும். அதனால் தட்டிலிருந்து அறுப்பதற்கு முன்பே, ஆர்கானிலோ வெற்றிடத்திலோ 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்து அந்த முறுக்கைத் தளர்த்த வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிலையத்திலிருந்து எனக்கு ஒரு ஃபிரேம் வந்தது. வடிவம் அழகு, பளபளப்பும் குறைசொல்ல முடியாது. மாடலில் வைத்து இடது ஓரத்து ஸ்க்ரூவை மட்டும் முடுக்கினேன். வலது ஓரம் மெல்லத் தூக்கியது. ஒரு தாளை அடியில் விட்டேன், தாராளமாகப் போனது. சாதாரணத் தாள் கிட்டத்தட்ட 100 மைக்ரான் கனம். விசாரித்தபோது, அவசரத்தில் சூட்டில் வைக்காமலே தட்டிலிருந்து அறுத்து அனுப்பியது தெரிந்தது. உலோகம் நல்லது, இயந்திரம் நல்லது, கெட்டுப்போனது இயந்திரம் நின்ற பிறகு. அந்த நோயாளிக்காகத் திரும்பச் செய்தோம். அன்றிலிருந்து எந்த இயந்திரத்தில் செய்தார்கள் என்று நான் கேட்பதில்லை. இயந்திரம் நின்றபின் என்னென்ன செய்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் கேள்வியில் முக்கியமான பகுதி, இம்ப்ளான்ட்மேல் உட்காரும் முகங்கள். லேசரிலிருந்து வரும் ஃபிரேமின் மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி இருக்கும். பல் பொருத்தும் இடத்தில் அந்தச் சொரசொரப்பு நல்லது, அக்ரிலிக் பிளாஸ்டிக் பிடித்துக்கொள்ளும். ஈறைத் தொடும் இடத்தில் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு படியும். ஆனால் இம்ப்ளான்ட் முகத்திலும் ஸ்க்ரூ தலை உட்காரும் இடத்திலும் கையால் தேய்த்தால் பொருத்தம் போய்விடும். அங்கே அச்சிட்டபோதே, அதாவது லேசரில் அடுக்கடுக்காகக் கட்டியபோதே, கொஞ்சம் உலோகம் கூடுதலாக விட்டு, பிறகு மில்லிங் இயந்திரத்தில் வைத்துத் துல்லியமாகக் கடைந்தெடுக்க வேண்டும். அச்சிட்டுக் கடைவது என்ற இந்த இரட்டை முறையில் வந்தால் மட்டுமே, ஆறு இம்ப்ளான்ட்டை இணைக்கும் லேசர் ஃபிரேமை நான் நம்பி அனுப்புவேன். அச்சிட்ட முகத்தை அப்படியே ஸ்க்ரூவில் முடுக்குவதற்கு என் சம்மதம் இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், இயற்கைப் பல் எலும்புக்குள் ஒரு மெத்தைமேல் இருக்கிறது. சுமார் 100 மைக்ரான்வரை அசைந்து கொடுக்கும். இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டிவிட்டது, அதற்கு அந்த அசைவு கிடையாது. அதனால் ஃபிரேம் சரியாக உட்காராவிட்டால் அந்த இழுப்பு தளராமல் அப்படியே நிற்கும். இந்த ஒட்டுதலை உலகத்துக்குக் காட்டியவர் ஸ்வீடனின் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965-இல் யோட்டெபோரி நகரில் முதல் நோயாளிக்கு அவர் டைட்டானிய இம்ப்ளான்ட் வைத்தார். அந்தக் காலத்தில் அதன்மேல் வந்த ஃபிரேம்கள் தங்கக் கலவையில் வார்த்தவை. வார்ப்பில் திரிந்தால் அறுத்து ஒட்டுவார்கள். தங்கம் விலை ஏறியதும், அறுத்து ஒட்டுகிற தொல்லையும்தான் கடைந்த டைட்டானியத்தையும் பிறகு லேசர் டைட்டானியத்தையும் கொண்டுவந்தன.

ஃபிரேமுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி ஆபத்து என்று கேட்டால், இங்கிருந்து உறுதி குறைகிறது. பிரோனெமார்க் 10 மைக்ரான் என்றார். அதே ஸ்வீடனின் டார்ஸ்டன் யெம்ட் 150 மைக்ரான்வரை ஏற்கலாம் என்றார். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து மடங்கு வித்தியாசம்! இந்த எண்ணுக்கு மேல் போனால் எலும்பு கரையும் என்று எவரும் நிரூபித்துக் காட்டவில்லை. எலும்பு ஓரளவு பொறுத்துக்கொள்கிறது என்றுதான் விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் ஸ்க்ரூ பொறுத்துக்கொள்வதில்லை. இழுபறியோடு முடுக்கிய ஸ்க்ரூ அடிக்கடி தளரும், ஒருநாள் உடையும். லேபுக்குத் திரும்பி வந்த வேலைகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு அதுதான்.

எவ்வளவு நல்ல ஃபிரேமும் எடுத்த அளவை மிஞ்ச முடியாது. பல்லே இல்லாத தாடையில் வாய்க்குள் விடும் ஸ்கேனர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது சிறு சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும், பிடித்துக்கொள்ள அடையாளங்கள் இல்லாததே காரணம். அதனால் அளவெடுப்பதற்காக இம்ப்ளான்ட்மேல் மாட்டும் ஆறு தண்டுகளையும் ஒன்றோடொன்று இணைத்து எடுக்கும் பழைய முறை இன்னும் மதிப்பிழக்கவில்லை. அப்புறம், ஃபிரேம் செய்வதற்கு முன் பிளாஸ்டரில் ஒரு ஜிக், அதாவது ஆறு இம்ப்ளான்ட்டையும் இணைக்கும் சோதனைப் பட்டை, செய்து வாயில் முடுக்கிப் பார்ப்பது. அளவு தப்பாக இருந்தால் பிளாஸ்டர் வளையாது, விரிசல் விடும். உடனே தெரிந்துவிடும். இதற்காக ஒருமுறை கூடுதலாக வரச் சொன்னால் அலைச்சலாக நினைக்காதீர்கள்.

இனி கோபால்ட் குரோம். அது மட்டமான உலோகம் இல்லை. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.4 கிராம் அளவில், டைட்டானியத்துக்கு 4.4 மட்டுமே. கோபால்ட் குரோமில் 20 கிராம் வரும் ஃபிரேம் டைட்டானியத்தில் 11 கிராமுக்குள் முடியும். மேல்தாடையில் கழற்றி மாட்டும் செட்டுக்கு இந்த எடை பெரிய விஷயம். கீழே ஸ்க்ரூவில் நிற்கும் செட்டில் அப்பா அதை உணரவே மாட்டார். விறைப்பில் கதை தலைகீழ். ஒரே சுமைக்கு டைட்டானியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வளையும். ஆனால் ஃபிரேமின் உலோகப் பட்டையின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும் என்பதால், 4 மில்லிமீட்டர் உயரத்தை 5 ஆக்கினாலே அந்தக் குறை தீர்ந்துவிடும். இதற்கு வாயில் இடம் வேண்டும். ஃபிரேமும் அக்ரிலிக்கும் பல்லுமாகச் சேர்ந்து எதிர்ப்பல்வரை சுமார் 15 மில்லிமீட்டர் இருந்தால் எங்களுக்கு நிம்மதி. இடம் குறைவாக இருக்கும் வாய்க்கு கோபால்ட் குரோமைச் சொன்னால் அந்த டாக்டர் யோசித்துத்தான் சொல்கிறார். கடைசி இம்ப்ளான்ட்டுக்குப் பின்னால் தொங்கும் நீட்டல் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். அதை 10 மில்லிமீட்டரிலிருந்து 15 ஆக்கினால் வளைவு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஒரு கடைவாய்ப்பல் கூடக் கிடைக்கும் என்ற ஆசையில் அதை நீட்டச் சொல்லாதீர்கள்.

அந்த ஃபிரேம்மேல் செராமிக் போடுவதாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். சுத்த டைட்டானியம் 882 டிகிரியில் தன் படிக அமைப்பையே மாற்றும். அதற்கு முன்பே, 800-ஐத் தாண்டினாலே, மேல் ஆக்சைடு தடித்துச் செராமிக்கின் பிடி போய்விடும். சூட்டில் விரியும் அளவும் வழக்கமான செராமிக்கோடு ஒத்துப்போகாது. இதற்கென்று குறைந்த சூட்டில் உருகும் தனிச் செராமிக் உண்டு, என்றாலும் கோபால்ட் குரோம் மேல் வரும் நம்பிக்கை எனக்கு அதில் வரவில்லை. அப்பாவுக்கு அக்ரிலிக் பல் போதும். உடைந்தால் கழற்றிச் சரிசெய்துவிடலாம்.

வனேடியம், அலுமினியம் உடம்புக்கு ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். இதே கலவை எலும்பு அறுவை சிகிச்சையில் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. மேலே தானாக உருவாகும் ஆக்சைடு தோல் அதைக் காக்கிறது. டைட்டானிய ஒவ்வாமை மிக அரிது, அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள்மேல் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. புளிப்பான ஃப்ளோரைடு ஜெல் மட்டும் இந்தத் தோலை அரிக்கும். பல் டாக்டரிடம் ஃப்ளோரைடு வைக்கும்போது வாயில் டைட்டானியம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். சாதாரணப் பேஸ்ட்டுக்குப் பயப்பட வேண்டாம். எம்ஆர்ஐ எடுக்கத் தடையில்லை. கோபால்ட் விஷயத்தில், ஐரோப்பிய ஒன்றியம் 2021 அக்டோபரிலிருந்து அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக வகைப்படுத்தி இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, வாயில் கோபால்ட் குரோம் செட் வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். முக்கியமான கவலை அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியைச் சுவாசிக்கும் எங்களைப் போன்றவர்களைப் பற்றியது. லேபில் வேலை செய்யும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் இல்லாமல் அந்தச் சக்கரத்தைத் தொடாதீர்கள்.

சரி, என் அப்பாவாக இருந்தால் என்ன செய்வேன்? கெட்டியான டைட்டானியத் தட்டிலிருந்து முழுதாகக் கடைந்தெடுத்த ஃபிரேம் அதே விலையில் கிடைத்தால் அதை எடுப்பேன். அதற்குத்தான் வாய்க்குள் நீண்ட கால அனுபவம் இருக்கிறது. லேசர் டைட்டானியத்தில் இம்ப்ளான்ட் ஃபிரேம்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த பதிவுகள் அந்த அளவுக்கு இல்லை. லேபுக்குள் அளந்தவை அதிகம், வாய்க்குள் காலம் தள்ளியவை குறைவு. கடைந்தது கிடைக்கவில்லை என்றால், தட்டோடு பதப்படுத்தி, முகங்களை மில்லிங்கில் முடித்த லேசர் ஃபிரேமைத் தயங்காமல் ஏற்பேன். இந்த இரண்டும் நடந்ததா என்ற கேள்விக்கு உங்கள் டாக்டர் லேபிடம் கேட்டு ஒரு நாளில் பதில் சொல்லிவிடலாம்.

ஃபிரேம் ட்ரையலுக்குக் கூப்பிடும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். பல் வைக்காத வெறும் ஃபிரேமை வாயில் வைத்து, ஒரு ஓரத்து ஸ்க்ரூவை மட்டும் முடுக்கி, மறு ஓரம் தூக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈறுக்குள் மறைந்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அப்பாவிடம், முடுக்கும்போது எங்காவது பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் கையைத் தூக்கச் சொல்லி வையுங்கள். ஃபிரேமின் ஓரம் தூக்கினாலோ இடைவெளி தெரிந்தாலோ டாக்டர் மறுபடி அளவெடுக்க வேண்டும் என்பார். அதற்காக அவர்மேல் வருத்தப்படாதீர்கள், "இன்னைக்கே மாட்டி விடுங்க" என்று அவசரப்படுத்தவும் செய்யாதீர்கள். இன்னும் பத்து நாள் அப்பா தற்காலிக செட்டோடு இட்லி சாப்பிடட்டும்.